லஃபாயெத் ஹீரோவா துரோகியா? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட ஒரு சேலத்துக்காரனின் சந்தேகம்

அஸ்தம்பட்டி வாசி:

வணக்கம். எங்கள் தெருவில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் சின்ன வாசகர் வட்டம் ஒன்று இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம், அதில் பாதிப் பேர் தட்டுவடை செட்டுக்காக வருகிறவர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை. போன மாதம் பிரெஞ்சுப் புரட்சி பற்றிப் பேச்சு ஓடியபோது, "அமெரிக்கா போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாரே லஃபாயெத் என்று ஒரு மார்க்கி, அதாவது பிரெஞ்சுப் பிரபு, அவரைப் பற்றி அடுத்த தடவை நான் சொல்கிறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். இப்போது படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது.

இதுவரை எனக்குப் பிடிபட்டது இதுதான். லஃபாயெத் 1757-ல் ஓவெர்ன் பகுதியில் பழைய பிரபு குடும்பத்தில் பிறந்தவர். இரண்டு வயது நிறைவதற்குள் அப்பா மிண்டன் போரில் போய்விட்டார், பன்னிரண்டு வயதில் அம்மாவும் இல்லை, கையில் சொத்து மட்டும் மலைபோல. 16 வயதில் 14 வயது அத்ரியெனோடு கல்யாணம். அமெரிக்கர்கள் பிரிட்டிஷாரை எதிர்த்துக் கலகம் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அரசர் போகக்கூடாது என்று தடுத்தும் கேட்காமல், சொந்தக் காசில் ஒரு கப்பலை வாங்கி ஸ்பெயின் கரையிலிருந்து கிளம்பி 1777 ஜூனில் தென் கரோலினாவில் இறங்குகிறார். அப்போது வயது 19! சம்பளம் வேண்டாம் என்று சொன்னதால் அமெரிக்கக் காங்கிரஸ் மேஜர் ஜெனரல் பதவி கொடுத்தது. செப்டம்பரில் பிராண்டிவைன் சண்டையில் காலில் குண்டு, அதிலிருந்து வாஷிங்டனுக்குப் பெறாத பிள்ளை. 1781-ல் யார்க்டவுன் வெற்றி. இது வரைக்கும் கதை ஜோராகப் போகிறது.

பிரான்சுக்கு வந்த பிறகுதான் குழப்பம். 1789-ல் மனித உரிமைப் பிரகடனத்துக்கு முதல் வரைவைக் கொண்டுவந்து வைத்தவர் இவர், பாஸ்டியல் சிறைக்கோட்டை விழுந்த மறுநாளே பாரிசின் தேசியக் காவல் படைக்குத் தளபதியும் இவர். அதே ஆளின் படை 1791-ல் மக்கள் கூட்டத்தின் மேல் சுடுகிறது. 1792-ல் தன் சொந்தப் படையை விட்டுவிட்டு எல்லை தாண்டி ஓடுகிறார், பிரான்சோடு போரிட்டுக்கொண்டிருந்த ஆஸ்திரியத் தரப்பு எதிரிகள் பிடித்து ஐந்து வருடம் சிறையில் போடுகிறார்கள். ஒரு கரையில் கொண்டாடுகிறார்கள், மறு கரையில் காறித் துப்புகிறார்கள். ஒரே மனிதன் எப்படி இரண்டு மாதிரியும் இருக்க முடியும்? அவர் மாறினாரா, இல்லை ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா?

இன்னொன்று. எங்கள் வட்டத்தில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். யார் எதைப் பேசினாலும் கடைசியில் "அதெல்லாம் சரி தம்பி, அந்த ஆளுக்கும் நம்ம சேலத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பார். அவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

---

சங்ககிரி மலைப்பாதை:

உங்கள் பெரியவர் கேட்கிற கேள்விக்குத்தான் ரொம்ப நல்ல பதில் இருக்கிறது, அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

1781-ல் வர்ஜீனியாவில் லஃபாயெத் கையில் இருந்தது சின்னப் படை. எதிரே பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ், ஆள் பலத்தில் ரொம்பப் பெரியவர். நேருக்கு நேர் மோதினால் ஒரே நாளில் கதை முடிந்துவிடும் என்று லஃபாயெத்துக்குத் தெரியும். அதனால் மோதவில்லை, ஆனால் விலகியும் போகவில்லை. கூப்பிடு தூரத்திலேயே பின்னால் போய்க்கொண்டிருந்தார். கார்ன்வாலிஸ் கடலோரம் யார்க்டவுனில் போய் உட்கார்ந்ததும் தரை வழியை அடைத்துக்கொண்டு காத்திருந்தார். செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பல் படை கடல் வழியை அடைத்தது, வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரொஷாம்போவும் வடக்கிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அக்டோபர் 19 அன்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு சரணாகதி. கார்ன்வாலிஸ் உடம்பு சரியில்லை என்று சொல்லி இருப்பிடத்தை விட்டு வெளியே வரவில்லை, வாளை ஒப்படைக்க ஓஹாரா என்ற உதவித் தளபதியை அனுப்பினார்.

இப்படி மானம் போனவரை வீட்டில் உட்கார வைத்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? 1786-ல் அவரைத்தான் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். இங்கே வந்து திப்புவோடு போர், 1791-ல் பெங்களூரைப் பிடித்தார், 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு பாதி ராஜ்ஜியத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று, மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய், அதற்கு மேல் இரண்டு மகன்கள் பிணை. அந்தப் பாதியில்தான் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் போயின. அதாவது அமெரிக்காவில் இழந்தவர் வந்து எடுத்துக்கொண்ட இடத்தில்தான் நீங்களும் நானும் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இதோடு நிற்கவில்லை. புதிதாகக் கிடைத்த இந்த மண்ணை நிர்வாகம் செய்யக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்பவரை அனுப்பினார்கள், அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. இடையில் ஜமீன்தார் யாரும் இல்லாமல் நேராக விவசாயியிடமே நிலத்தை அளந்து தீர்வை போடுகிற ரயத்துவாரி முறையை இவர்கள் பழகிப் பார்த்தது இங்கேதான். வங்காளத்தில் அதே கார்ன்வாலிஸ் ஜமீன்தாரி முறையை நிரந்தரமாக்கிக்கொண்டிருந்த சமயத்தில் இங்கே நேர் எதிராக ஒன்று வளர்ந்தது என்பது தனி வேடிக்கை. உங்கள் பெரியவர் வீட்டுப் பீரோவில் பட்டா இருக்கும் இல்லையா, அதை எடுத்துக் காட்டிப் பேச்சை ஆரம்பியுங்கள்.

இன்னும் ஒரு நூலும் இருக்கிறது. 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்காவோடு கூட்டுச் சேர்ந்ததும் பிரிட்டிஷார் இங்கே பாண்டிச்சேரியின் மேல் பாய்ந்தார்கள், அக்டோபரில் அது விழுந்தது, அடுத்த வருடம் கேரளக் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த மாஹே. மாஹே வழியாகத்தான் ஹைதர் அலிக்கு ஆயுதம் வந்துகொண்டிருந்தது. அவர் சும்மா இருப்பாரா, 1780-ல் படையோடு கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். அப்போது சேலமும் அவர் கையில்தான். அமெரிக்காவில் அந்தப் பெயர் எவ்வளவு பிரபலம் என்றால், பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்றே பெயர் வைத்தார்கள், 1782-ல் அது தன்னைவிடப் பெரிய பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது. 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுக்காரர்களும் பிரிட்டிஷாரும் தரையிலும் கடலிலும் அடித்துக்கொண்டிருந்தபோது ஐரோப்பாவில் சமாதானப் பூர்வாங்கக் கையெழுத்து ஆகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. சேதி கப்பலில் வந்து சேர்ந்த பிறகுதான் நிறுத்தினார்கள். அமெரிக்க விடுதலைப் போரோடு ஒட்டிய கடைசிச் சண்டைகளில் ஒன்று நம்ம கடலூரில் நடந்தது என்று சொன்னால் யாரும் தட்டுவடையைத் தொட மாட்டார்கள்.

---

ஏற்காட்டு மிளகு:

மேலே சங்ககிரி அண்ணன் பிரமாதமாகச் சொல்லிவிட்டார். நான் அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். மலையில் மழை, கரண்டு எப்போது போகும் என்று தெரியாது, பாதியில் நின்றால் மன்னிக்கவும்.

என் அபிப்பிராயம், ஆள் மாறவில்லை, வேலைதான் மாறிவிட்டது. அமெரிக்காவில் அவருக்கு மேலே வாஷிங்டன் இருந்தார், எதிரி யார் என்பதில் சந்தேகம் இல்லை, துணிச்சலும் பணமும் இருந்தால் போதும். பாரிசில் கொடுத்தது எந்த வேலை? அரசரைக் காப்பாற்ற வேண்டும், அதே நேரம் அரசரிடமிருந்து மக்களையும் காப்பாற்ற வேண்டும். என் தாத்தா காலத்தில் எங்கள் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் ஒரு மேஸ்திரி இருந்தாராம். துரையிடமும் நல்ல பெயர், கூலியாட்களிடமும் நல்ல பெயர். ஒரு வருடம் கூலித் தகராறு வந்தது, அவ்வளவுதான், துரை அவரை ஆட்களின் கையாள் என்றார், ஆட்கள் துரையின் கையாள் என்றார்கள், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. லஃபாயெத் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேஸ்திரிதான் ஞாபகம் வருகிறார்.

1789 அக்டோபர் 5, 6 தேதிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள், முழு மனிதனும் அதில் தெரிவார். ரொட்டி இல்லை என்று பாரிஸ் பெண்கள் கொட்டும் மழையில் வெர்சாய் அரண்மனைக்கு நடந்தே போகிறார்கள். இவருடைய காவல் படையும் நாங்களும் போவோம் என்று அடம்பிடிக்கிறது. இவர் மணிக்கணக்கில் மறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் படைக்குப் பின்னாலேயே இழுபட்ட மாதிரிப் போகிறார். தலைவன் என்று பெயர், நடத்திக்கொண்டு போனது படை. இரவில் எல்லாம் அமைதி என்று நம்பிப் படுக்கப் போனார், விடியற்காலையில் கூட்டம் அரண்மனைக்குள் புகுந்து காவலர்களைக் கொன்றுவிட்டது. தூங்கிவிட்டார் என்று அரசரின் ஆட்கள் கடைசிவரை குத்திக்காட்டினார்கள். ஆனால் அன்று காலை அரசி மரி அந்துவானெத்தை மாடத்துக்கு அழைத்து வந்து, கீழே ஆயிரக்கணக்கில் கொதித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் முன்னால் குனிந்து அவர் கையில் முத்தமிட்டார். கொஞ்ச நேரம் முன்பு தலையைக் கேட்ட கூட்டம் வாழ்க என்று கத்தியது. அப்படி ஒரு சாமர்த்தியம் அவரிடம் இருந்தது, ஒரு காலை நேரத்துக்குத் தாங்கும் சாமர்த்தியம். இத்தனைக்கும் அரசிக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

பிறகு 1791 ஜூனில் அரசர் குடும்பத்தோடு இரவோடு இரவாகத் தப்பி ஓடி வாரேன் என்ற ஊரில் பிடிபட்டார். காவல் யார் பொறுப்பு? இவர் பொறுப்பு. விட்டுவிட்டாயா என்று ஒரு பக்கம், பிடித்துக் கொடுத்தாயே என்று மறு பக்கம். ஒரு மாதம் கூட ஆகவில்லை, ஜூலை 17 அன்று ஷான் தெ மார்ஸ் மைதானத்தில் அரசர் வேண்டாம் என்று மனுவில் கையெழுத்துப் போடக் கூடியவர்கள் மேல் அவர் படை சுட்டது. அதே மைதானத்தில்தான் ஒரு வருடம் முன்பு, பாஸ்டியல் விழுந்த முதல் ஆண்டு விழாவில், லட்சக்கணக்கான பேர் பார்க்க அவர் தேசத்துக்கும் சட்டத்துக்கும் அரசருக்கும் விசுவாசம் என்று சத்தியம் செய்தார். அரசர், சட்டம், தேசம் மூன்றும் ஒரே வண்டியில் போகும் என்று நம்பினார் பாருங்கள், அங்கேதான் மனிதர் சறுக்கினார். வண்டி உடைந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்.

---

குகைக்காரன்:

எல்லாரும் ரொம்ப இளகிப் போய் எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் உப்புப் போடுகிறேன்.

வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் லிவர் (அந்தக் காலப் பிரெஞ்சு நாணயம்) வருமானம் உள்ள பையன் கப்பல் வாங்குவது என்ன பெரிய தியாகம்? மனைவி மாசமாக இருக்கும்போது விட்டுவிட்டுப் போனார், அதையும் சொல்லுங்கள். கை தட்டல் என்றால் அவருக்கு உயிர், அவருடைய நண்பர் ஜெஃபர்சனே அதை எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்கப் போருக்கு பிரான்ஸ் கொட்டிய பணம் நூறு கோடி லிவருக்கு மேல். அந்தக் கடன்தான் கஜானாவைக் காலி செய்து 1789-க்கு வழி போட்டது. 1788-ல் திப்புவின் தூதர்கள் படை உதவி கேட்டு வெர்சாய் வரைக்கும் போனார்களே, ஏன் வெறுங்கையோடு திரும்பினார்கள்? பதினாறாம் லூயியிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. ஆக அமெரிக்கா ஜெயித்த செலவில் ஒரு பங்கு நம்ம பக்கமும் விழுந்தது.

ஷான் தெ மார்ஸில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை கணக்கு ஒத்துவரவில்லை, ஐம்பது வரை சொல்கிறார்கள். அன்று கூடவே இருந்த மேயர் பாய்லியை 1793-ல் கில்லட்டின் என்ற தலை வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பினார்கள். இவர் எல்லை தாண்டியதால் தலை தப்பியது. நிலைமை புரியாமல் ஓடினார் என்று யாரும் சொல்ல வேண்டாம், நன்றாகப் புரிந்துதான் ஓடினார்.

---

ஓய்வுபெற்ற டீச்சர்:

குகைத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் உப்புக் கொஞ்சம் தூக்கல். மாசமாக இருந்த மனைவி என்று சொன்னீர்களே, அந்தப் பெண்ணைப் பற்றி மேற்கொண்டு ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

கணவர் அந்நியச் சிறையில், அத்ரியென் பாரிசில் சிறையில். 1794 ஜூலை 22 அன்று பாட்டி, அம்மா, அக்கா மூன்று பேரையும் ஒரே நாளில் கில்லட்டினில் கொன்றார்கள். அந்தக் கொலை ஆட்சியின் தலைவர் ரோபஸ்பியர் விழுந்தது அதற்கு ஐந்தே நாள் கழித்து! அத்ரியெனைக் காப்பாற்றியது அமெரிக்கத் தூதர் மன்றோவும் அவர் மனைவியும் கொடுத்த நெருக்கடி (ஜேம்ஸ் மன்றோ, நம்ம பாராமகால் மன்றோ வேறு). வெளியே வந்ததும் அந்த அம்மா செய்த முதல் காரியம், ஜார்ஜ் வாஷிங்டன் என்று பெயர் வைத்த மகனை நிஜ வாஷிங்டனிடமே அனுப்பியது. அடுத்து இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு ஆஸ்திரியப் பேரரசரை நேரில் பார்த்து, என் கணவர் இருக்கும் சிறையிலேயே எங்களையும் அடையுங்கள் என்று அனுமதி வாங்கினார். 1795 அக்டோபரில் ஓல்மூட்ஸ் கோட்டைக்குள் போனவர்கள் 1797 செப்டம்பரில்தான் வெளியே வந்தார்கள். அங்கே கெட்ட உடம்பு தேறவே இல்லை, 1807 கிறிஸ்துமசுக்கு முதல் நாள் இறந்தார். லஃபாயெத்தைப் பற்றி உங்கள் வட்டத்தில் அரை மணி நேரம் பேசினால் பத்து நிமிடம் இவருக்குக் கொடுங்கள்.

அடுத்து ஜேம்ஸ். வர்ஜீனியாவில் ஒருவருக்கு அடிமையாக இருந்தவர், 1781-ல் கார்ன்வாலிஸ் முகாமுக்குள்ளேயே வேலைக்காரனாகப் போய் லஃபாயெத்துக்குச் சேதி கொண்டுவந்தவர். போர் முடிந்தது, நாட்டுக்கு விடுதலை, அவருக்கு இல்லை! 1784-ல் லஃபாயெத் தன் கைப்பட எழுதிக் கொடுத்த சான்றை வைத்துப் போராடி 1787-ல்தான் விடுதலை பெற்றார், ஜேம்ஸ் லஃபாயெத் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1824-ல் வயதான லஃபாயெத் அமெரிக்காவுக்கு மறுபடி வந்து 24 மாநிலங்களையும் சுற்றியபோது ரிச்மண்ட் நகரக் கூட்டத்தில் இவரை அடையாளம் கண்டு, வண்டியை நிறுத்தி இறங்கிக் கட்டிக்கொண்டார். தென் அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த கயேன் பகுதியில் தோட்டம் வாங்கி அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்கும் ஒரு முயற்சியையும் தம்பதி தொடங்கினார்கள், அதில் அன்றாடக் கவனம் அத்ரியெனுடையது. 1792-ல் சொத்தெல்லாம் பறிமுதலானபோது அதுவும் போயிற்று. லஃபாயெத் வாஷிங்டனையும் சேர்ந்து செய்யலாம் என்று கூப்பிட்டார், வாஷிங்டன் கடிதத்தில் பாராட்டியதோடு சரி.

---

அஸ்தம்பட்டி வாசி:

டீச்சர், ரொம்ப நன்றி. குகைத் தம்பிக்கும் நன்றி, நீங்கள் இல்லாவிட்டால் பேச்சு பஜனை மாதிரி ஆகியிருக்கும். ஒரே ஒரு சின்னச் சந்தேகம்: சில இடத்தில் மூன்று புரட்சி என்று போட்டிருக்கிறது. மூன்றாவது எது?

---

ஏற்காட்டு மிளகு:

1830 ஜூலை, பாரிசில் மூன்று நாள் தெருச் சண்டை, அரசர் பத்தாம் சார்லஸ் ஓட்டம். 72 வயதில் மறுபடி தேசியக் காவல் படைத் தளபதி! குடியரசு வேண்டும் என்று கேட்டவர்கள் இவரையே தலைவராக்கத் தயார். இவரோ நகர மன்ற மாடத்தில் மூவர்ணக் கொடியைப் பிடித்துக்கொண்டு அரச குலத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த லூயி பிலிப்பைக் கட்டிக்கொண்டார், புது அரசர் பிறந்தார். 1789-ல் அரசியின் கையில் முத்தமிட்ட அதே மாடத்து வித்தை, நாற்பது வருடம் கழித்து. டிசம்பரிலேயே ஏமாந்துவிட்டோம் என்று பதவியை விட்டார். வண்டி உடைந்தது என்று மேலே சொன்னேனே, மறுபடி அதே வண்டியைத்தான் ஒட்ட வைத்துப் பார்த்தார். 1834-ல் இறந்தார், பிக்பூஸ் கல்லறையில் அத்ரியென் பக்கத்தில், அமெரிக்க விடுதலைப் போர்க்களமான பங்கர் ஹில்லிலிருந்து கொண்டுவந்த அமெரிக்க மண்ணைப் போட்டு மூடினார்கள். பாஸ்டியலின் சாவியை 1790-ல் வாஷிங்டனுக்கு அனுப்பி வைத்தார், அது இன்றும் அவருடைய மவுண்ட் வெர்னான் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

கரண்டு போய்விட்டது. போன் சார்ஜ் பதினொரு சதவீதம்.

---

அஸ்தம்பட்டி வாசி:

ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்தாயிற்று. சங்ககிரி அண்ணன் சொன்ன மாதிரியே வீட்டுப் பட்டாவை எடுத்துக் காட்டித்தான் ஆரம்பித்தேன், யார்க்டவுனில் சரண் அடைந்தவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வந்து நிற்கும்போது நிஜமாகவே யாரும் தட்டைத் தொடவில்லை. அத்ரியென் பகுதியில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள், அதில் ஒருவர் என் மனைவி.

பெரியவர் முழுதும் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் என்னிடமிருந்து பட்டாவை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதில் சர்வே நம்பர் தப்பாகப் போட்டிருக்கிறது போல இருக்கே" என்றார். பார்த்தால், ஆமாம். நாளைக்குத் தாலுகா ஆபீஸ் போக வேண்டும்.